பொதுக் கட்டடங்களில் காற்று – ஓர் அளவின் வரலாறு

பலர் கூடியிருக்கும் கட்டடத்தில் ஒருவருக்கு எவ்வளவு புதுக்காற்று வேண்டும்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு அறிஞர் இருநூறு ஆண்டுகளாக விடை கூறி வருகின்றனர். விடையோ ஒரு நிலையில் நின்றதில்லை. உள்ளே கொணரும் வெளிக்காற்றைக் குளிர்நாட்டார் சூடாக்க வேண்டும். வெப்பநாட்டார் குளிர்விக்க வேண்டும். இரண்டிற்கும் எரிபொருள் தேவை. ஆகவே மூச்சின் கணக்கும் பணத்தின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்படலாயின.

1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பொறியியலறிஞர் தாமஸ் டிரெட்கோல்ட், ஒருவருக்கு நிமிடத்திற்கு 4 கன அடிக் காற்றுப் போதுமென்று கணக்கிட்டார். 1858-இல் மியூனிக் நகரத்து மாக்ஸ் பெட்டன்கோபர், அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைக் கடத்தலாகாது என்றார். அவ்வளவில் அவ்வாயுவே நஞ்சென்பது அவர் கருத்தன்று. மக்கள் உடலினின்று எழும் மாசுகளுக்கு அதனை அவர் அளவுகோலாகக் கொண்டார். பின்னர், நோய் பரவுதலை அஞ்சிய அமெரிக்க மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ் போன்றோரின் வாதத்தால் அவ்வளவு உயர்ந்தது. 1895-இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 30 கன அடியை வற்புறுத்தியது. 1936-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்து யாக்லூ, உடல் நாற்றத்தை அளவாகக் கொண்டு சோதித்து, ஒருவருக்குரிய இடம் சுருங்கச் சுருங்கக் காற்றின் தேவை பெருகுமெனக் காட்டினார்.

1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. எங்கும் சிக்கனமே பேச்சாயிற்று. கட்டடங்களின் இடுக்குகள் அடைக்கப்பட்டன. பல இடங்களில் திறவாத சன்னல்கள் பொருத்தப்பட்டன. 1981-ஆம் ஆண்டின் அமெரிக்க விதி, புகை பிடியாத அலுவலகங்களுக்குரிய அளவை 5 கன அடியாகக் குறைத்தது. அஃதாவது, பழைய அளவில் ஆறில் ஒரு பங்கு!

விளைந்தது யாது? தலைவலி, கண்ணெரிச்சல், சோர்வு எனப் பணியாளர் முறையிட்டனர். கட்டடத்தைவிட்டு வெளியேறியதும் பலருக்கு அவை தணிந்தன. உலகச் சுகாதார நிறுவனம் 1980-களில் இதனை 'நோயுற்ற கட்டடக் கோளாறு' என்னும் பொருளில் ஆராய்ந்தது. ஒட்டுப் பலகையும் பசையும் உமிழ்ந்த ஆவிகள் வெளியேற வழியின்றித் தேங்கியதும் காரணங்களுள் ஒன்று. 1989-இல் விதி திருத்தப்பட்டது. குறைந்த அளவு 15 கன அடி, அலுவலகங்களுக்கு 20 என்றாயிற்று.

இவ்வழக்கிற்குத் தீர்வே இல்லையோ எனின், உண்டு. வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டே உள்வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறைக்கும் சுழற்சக்கரங்கள் உள்ளன. சிங்கப்பூர், மலேசியா போன்ற ஈரவெப்ப நாடுகளில் காற்றின் ஈரத்தைப் பிரிப்பதற்கே மின்சாரம் மிகுதியாகச் செலவாவதால் இவை பெரும் பயன் தருவன. மற்றும், கரியமில வாயுவை அளந்து, ஆள் கூடும்போது மிகுதியாகவும் குறையும்போது குறைவாகவும் காற்றை விடும் கருவிகளும் உள. பெட்டன்கோபரின் அளவுகோலே இன்று இவ்வாறு சுவரில் தொங்குகின்றது.

2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய், பில்லிங்ஸின் அச்சம் வீணன்று என்பதை மீண்டும் உணர்த்திற்று. காற்றைக் குறைத்துச் சேமித்த பணம் மின்கட்டணச் சீட்டில் தெரியும். அதனால் வந்த தலைவலியும் காய்ச்சலும் எந்தச் சீட்டிலும் தெரிவதில்லை. கட்டணம் செலுத்துவோர் ஒருவர், மூச்சு விடுவோர் வேறொருவர் என்றிருக்கும் பொதுக் கட்டடங்களில், அந்த எழுதப்படாத கணக்கையும் சேர்த்துக் கூட்டுவதே நேர்மையான சிக்கனமாகும்.