மேடுகள் உரைத்த மெய்யும் பொய்யும்

தேர்வு முடிந்து விடைத்தாள்களைத் திருத்தி முடித்த ஆசிரியர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்துவோம். அவர் வகுப்பில் 36 மாணவர்கள். பெற்ற மதிப்பெண்களைப் பத்துப் பத்தாகப் பகுத்து அவர் எண்ணுகிறார். முப்பதுகளில் 5 பேர், நாற்பதுகளில் 9 பேர், ஐம்பதுகளில் 4 பேர், அறுபதுகளில் 10 பேர், எழுபதுகளில் 6 பேர், எண்பதுகளில் 2 பேர். இவற்றைக் கட்டமிட்ட தாளில் செவ்வகங்களாக எழுப்பினால் இரண்டு மேடுகளும் நடுவே ஒரு பள்ளமும் தோன்றும். ‘இவ்வகுப்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, கற்கக் கூடியவர் ஒரு சாரார், கற்க மாட்டாதவர் மறு சாரார்’ என்று ஆசிரியர் முடிவு கட்டுகிறார். அம்முடிவைக் கொண்டு பிள்ளைகளைப் பிரித்து அமர்த்தவும் எண்ணுகிறார்.

அவரே அம்மதிப்பெண்களை இருபது இருபதாகப் பகுத்திருந்தால் என்ன கண்டிருப்பார்? 20 முதல் 39 வரை 5 பேர். 40 முதல் 59 வரை 13 பேர். 60 முதல் 79 வரை 16 பேர். 80க்கு மேல் 2 பேர். பள்ளம் மறைந்துவிட்டது, ஒரே மேடுதான் எஞ்சுகிறது. பிள்ளைகள் மாறவில்லை, மதிப்பெண்களும் மாறவில்லை, பகுத்த அளவு ஒன்றே மாறியது. அங்ஙனமாயின் அந்தப் பிளவு வகுப்பில் இருந்ததா, தாளில் இருந்ததா?

இவ்வினா பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. உலகின் தலைசிறந்த ஆய்வுக்கூடங்களில், அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராய்ந்த பேரறிஞர்களையும் இவ்வினாவே ஆட்டிப் படைத்தது. அவ்வரலாற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பும்

எண்களைப் பட்டைகளாக வரைந்து காட்டும் கலையை ஸ்காத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் காண்கிறோம். நம் தொடக்கப் பள்ளி மாணவர் ‘பட்டைக் குறிவரைவு’ எனப் பயில்வது இதுவே. பழங்களின் வகை, நாடுகளின் பெயர் போன்றவற்றுக்கு அது போதும். ஆயின் உயரம், எடை, மதிப்பெண், ஆற்றல் என இடையறாது தொடரும் அளவுகளை இடைவெளிகளாகப் பகுத்து, ஒவ்வோர் இடைவெளியிலும் எத்தனை விழுந்தன என்பதைச் செவ்வகத்தின் பரப்பால் காட்டும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. அதன் செவ்வகங்கள் இடைவிடாது ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். இதற்கு ‘ஹிஸ்டோகிராம்’ என்னும் பெயரைச் சூட்டியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் கார்ல் பியர்சன். 1891இல் தம் சொற்பொழிவுகளில் அப்பெயரை வழங்கிய அவர், 1895இல் அச்சிலும் ஏற்றினார். தமிழில் இதனை நிகழ்வுச் செவ்வகம் என்போம்.

காணாத் துகளைக் கண்ட விதம்

1952இல் டொனால்ட் கிளேசர் என்னும் அமெரிக்க அறிஞர் குமிழிக் கூடத்தை அமைத்தார். கொதிநிலையைத் தாண்டியும் கொதியாது நிற்கும் நீர்மத்தில் மின்னூட்டம் பெற்ற துகள் பாயும்போது, அதன் வழி நெடுகிலும் நுண்குமிழிகள் எழும். அத்தடத்தை நிழற்படமாக எடுத்துவிடலாம். கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் லூயிஸ் ஆல்வரெஸ் இக்கருவியைப் பேருருவாக வளர்த்தார். நீர்ம ஹைட்ரஜன் நிறைந்த அவருடைய 72 அங்குலக் கூடம் 1959இல் இயங்கத் தொடங்கியது. படங்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மேசையிலிட்டு, தடங்களைத் தேடி அளந்து தந்தோருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தந்த அளவுகளைக் கணிப்பொறி ஏற்று, ஒவ்வொரு துகளின் உந்தத்தையும் கணித்தது.

சில துகள்கள் தோன்றிய கணத்திலேயே சிதைந்துவிடும். அவை தடம் எதுவும் பதிப்பதில்லை. எனினும் சிதைந்து பிறந்த துகள்களின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டிக் கணித்தால், தாய்த் துகளின் பொருண்மை இன்னதெனத் தெரியவரும். ஒரு படத்தைக் கொண்டு எதுவும் சொல்ல இயலாது. தொடர்பற்ற துகள்கள் தற்செயலாகச் சேர்ந்தும் ஏதோ ஒரு பொருண்மையைத் தருமன்றோ! ஆகவே ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளின் பொருண்மையைக் கணித்து நிகழ்வுச் செவ்வகமாக வரைவர். தற்செயலாகச் சேர்ந்தவை பரந்து படிந்து மென்மையான சரிவாகும். உண்மைத் துகள் ஒன்றிருப்பின், அதன் பொருண்மைக்குரிய இடத்தில் ஒரு மேடு எழும். ஒமேகா என்னும் துகள் 1961இல் இங்ஙனமே வெளிப்பட்டது. மூன்று பையான் துகள்களின் கூட்டுப் பொருண்மையை வரைந்தபோது, ஏறத்தாழ 780 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் என்னுமிடத்தில் மேடு எழுந்தது. இத்தகைய துகள்களைக் கண்டறிந்த பணிக்காக ஆல்வரெஸ் 1968இல் நோபெல் பரிசு பெற்றார்.

மேடு தோன்றினால் துகள். துகள் தோன்றினால் புகழ். இடர் தொடங்கியதும் இங்கேதான்.

சூதாட்டம் தந்த கணக்கு

இவ்விடத்தில் வேறொரு வரலாற்றையும் அறிந்துகொள்ளல் வேண்டும். 1946இல் நோயுற்றுத் தேறிவந்த ஸ்டானிஸ்லா உலாம் என்னும் கணித அறிஞர், பொழுதுபோக்காகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் வெற்றியாக முடிய வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முயன்றார், கணக்கு பிடிகொடுக்கவில்லை. நூறுமுறை ஆடிப் பார்த்து வென்றவற்றை எண்ணிவிட்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. அதனை அவர் ஜான் வான் நாய்மனிடம் உரைத்தார். பாய்ந்து செல்லும் நியூட்ரான் மோதுமா, சிதறுமா, உறிஞ்சப்படுமா என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் எழுமான எண்களால் முடிவுசெய்து, கணிப்பொறியில் பல்லாயிரம் முறை நடத்திப் பார்க்கும் முறை உருவாயிற்று. 1948இல் எனியாக் கணிப்பொறியில் இக்கணக்கு நடத்தப்பட்டது. மோனாக்கோ நாட்டுச் சூதாட்ட அரங்கின் பெயரால் ‘மொண்டே கார்லோ’ என்னும் பெயர் அதற்கு அமைந்தது. உண்மையைப் போலவே நடத்திக் காட்டும் இதனைப் போன்மைக் கணக்கு எனலாம்.

பெர்க்கிலியில் ஒரு விளையாட்டு

இவ்விரு வரலாறுகளும் 1960களில் பெர்க்கிலியில் ஒன்றுகூடின. அங்குப் பணியாற்றிய ஜெரால்ட் லின்ச் ‘விளையாட்டு’ என்னும் பொருள்படும் ‘கேம்’ என்ற கணிப்பொறி நிரலை எழுதினார். அதனைப் பற்றி ஆர்தர் ரோசன்ஃபெல்ட் 1968இல் பிலடெல்பியா மாநாட்டில் எடுத்துரைத்தார்.

நண்பர் ஒருவர் தாம் கண்ட மேட்டைக் காட்டிப் பூரிப்போடு வருகிறார் என்று கொள்வோம். அந்த மேடு வெறும் தற்செயலே எனக் கருதி, அவர் தரவின் ஊடே மேடில்லாத மென்மையான வளைகோடு ஒன்றை வரைய வேண்டும். அவ்வளைகோட்டையும் நண்பரின் உண்மைத் தரவையும் நிரலுக்கு அளித்தால், அது வளைகோட்டை அடிப்படையாகக் கொண்டு நூறு போலி நிகழ்வுச் செவ்வகங்களை உருவாக்கும். அவற்றுள் ஏதோ ஒரு பக்கத்தில் உண்மைப் படத்தையும் ஒளித்து வைக்கும். பின்னர் அக்கட்டினை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சென்று, ‘இவற்றுள் மிகவும் வியப்புக்குரிய படம் எது?’ என்று மற்ற இயற்பியலாரைக் கேட்க வேண்டும். அவர்கள் விரல் வைத்துக் காட்டிய படம் பெரும்பாலும் போலிகளுள் ஒன்றாகவே இருந்தது! துகள் எதுவும் இல்லாத வெறும் எண்களில், உண்மைத் தரவில் இருந்ததைவிட அழகிய மேடுகள் தாமாகவே எழுந்து நின்றன.

இதற்குக் காரணம் யாது? ஓர் இடைவெளியில் 100 நிகழ்ச்சிகள் எதிர்பார்க்கப்படின், ஒவ்வொரு முறையும் சரியாக 100 விழுவதில்லை. 100இன் வர்க்கமூலமாகிய 10 அளவுக்கு ஏறியும் இறங்கியும் வருதல் இயல்பு. இதுவே திட்ட விலக்கம். 140 விழுந்தால் அது நான்கு திட்ட விலக்கம்; தற்செயலாக அவ்வளவு உயர்வதற்கு ஏறத்தாழ 32,000இல் ஒரு வாய்ப்பே உண்டு. ‘இது தற்செயலாகுமா?’ என்று நண்பர் கேட்பது நியாயமாகவே படும். ஆயின் 1,000 படங்கள், படத்துக்கு 40 இடைவெளிகள் என வைத்துக்கொண்டால், மொத்தம் 40,000 இடைவெளிகள் ஆகின்றன. அத்தனையும் தேடினால் அத்தகைய மேடு ஒன்றேனும் கிட்டும் என்றே எதிர்பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் உலகெங்கும் வரையப்பட்ட படங்களின் தொகையைக் கருதி, நான்கு திட்ட விலக்க மேடுகள் சிலவும் மூன்று திட்ட விலக்க மேடுகள் நூற்றுக்கணக்கிலும் தற்செயலாகவே தோன்றும் என்று ரோசன்ஃபெல்ட் எச்சரித்தார்.

பிளந்த மேடும் பிளவாத மேடும்

எச்சரிக்கை வீணன்று என்பதற்கு அக்காலத்திலேயே சான்று இருந்தது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஏ-2 என்னும் துகளை ஆராய்ந்த குழுவினர், 1,300 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே எழுந்த மேடு நடுவில் பிளந்து இரண்டாக நிற்கிறது என 1960களின் பிற்பகுதியில் அறிவித்தனர். அது மெய்யாயின் அதுவரை நிலவிய கருத்துகள் பல திருத்தம் பெற வேண்டியிருக்கும். வேறு சிலரும் பிளவைக் கண்டதாகக் கூறினர். கொள்கைவாதிகள் விளக்கங்கள் எழுதினர். பின்னர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிகுதியான நிகழ்ச்சிகளைத் திரட்டிய சோதனைகள் நடந்தன, பள்ளம் நிரம்பிவிட்டது, மேடு ஒன்றே என்பது உறுதியாயிற்று.

இதில் எவரும் பொய்யுரைத்தாரல்லர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். எதிர்பார்த்த பள்ளம் தென்பட்டால் ஆய்வாளர் மகிழ்ந்து நிறுத்திவிடுகிறார்; தென்படாவிட்டால் கருவியில் குறையோ என்று மீண்டும் தேடுகிறார். ஒரு திசையில் மட்டும் ஐயுறும் அவ்வழக்கமே பிழைக்கு வித்தாகிறது. ஐயம் இரு திசையிலும் சமமாகப் பாய்தல் வேண்டும்.

மெய்யான மேடுகள்

மேடுகள் எல்லாம் மாயை என்று கொள்ளுதலும் தவறாகும். 1974இல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் டிங்கின் குழுவினர், எலெக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளின் பொருண்மையை வரைந்தபோது 3.1 பில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் என்னுமிடத்தில் ஊசிபோல் ஒரு மேடு எழுந்தது. அவர்கள் உடனே பறைசாற்றவில்லை. கருவியின் குறையால் எழுந்த மேடாயின் கருவியை மாற்றினால் அதுவும் நகர வேண்டும் எனக் கருதி, காந்தங்களின் மின்னோட்டத்தைப் பத்து விழுக்காடு குறைத்துப் பார்த்தனர். மேடு இருந்த இடத்திலேயே நின்றது. அதே வேளையில் ஸ்டான்ஃபோர்டில் பர்ட்டன் ரிக்டரின் குழுவும் அத்துகளைக் கண்டது. இருவரும் 1976இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பழைய பட்டறிவு பின்வந்தோருக்கு நெறியாயிற்று. கண்டுபிடிப்பு எனச் சாற்ற ஐந்து திட்ட விலக்கம் வேண்டும் என்பது துகள் இயற்பியலில் மரபாயிற்று. தற்செயலாக அது நேர ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. போன்மைக் கணக்கும் ஆய்வின் நாள்தோறும் நிகழும் பணியாயிற்று. போலி நிகழ்ச்சிகளையும் உண்மை நிகழ்ச்சிகளையும் ஒரே இடைவெளிகளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடுகின்றனர். 2012 ஜூலை 4ஆம் நாள் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இரு குழுக்கள், 125 பில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே ஹிக்ஸ் துகளை ஒத்த புதிய துகளை அறிவித்தன. இரண்டும் தனித்தனியே ஆய்ந்து அவ்வரம்பை எட்டியிருந்தன.

அதே ஆய்வுக்கூடத்தில் 2015 டிசம்பரில் 750 பில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே இன்னொரு மேடு தலைகாட்டியது. ஐந்து திட்ட விலக்கத்தை எட்டாத அம்மேட்டை விளக்கக் கொள்கைவாதிகள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதினர். மேலும் தரவு சேர்ந்தது. 2016 ஆகஸ்டில் மேடு இல்லையென்றாயிற்று. ஆய்வாளர் அதனைக் கண்டுபிடிப்பு என அறிவிக்காதிருந்தமையால் அறிவியலின் மதிப்பு குன்றவில்லை.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

முதலில் கண்ட ஆசிரியரிடம் மீண்டும் வருவோம். ஐம்பதுகளில் 4 பேர் இருந்தனர். அங்கு 9 பேர் இருக்க வேண்டுமெனினும், 9இன் வர்க்கமூலம் 3, குறைந்தது 5. இரண்டு திட்ட விலக்கம்கூட இல்லை! அப்பள்ளத்தை நம்பிப் பிள்ளைகளை இரு சாராராகப் பிரிப்பது, தற்செயலின் கையில் அவர்தம் எதிர்காலத்தை ஒப்படைப்பதாகும். துகளைப் பிழையாகக் கண்டால் அடுத்த சோதனை திருத்திவிடும். ‘கற்க மாட்டாதவன்’ என்று பெயர் பெற்ற பிள்ளையைத் திருத்தி எழுதும் சோதனை எது?

ஆசிரியப் பெருமக்கள் இவ்விளையாட்டை வகுப்பிலும் நடத்திப் பார்க்கலாம். மாணவரைப் பத்துக் குழுக்களாக்கி, இரண்டு பகடைகளை நூறுமுறை உருட்டி, கூட்டுத்தொகைகளை நிகழ்வுச் செவ்வகமாக வரையச் செய்க. நடுவே ஏழில் உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டிய வடிவம், குழுவுக்குக் குழு மேடும் பள்ளமுமாக மாறுபடுவதைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பர். பின்னர்ப் பத்துக் குழுக்களின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் கூட்டி வரைந்தால், பொய்ம்மேடுகள் அடங்கி மெய்வடிவம் தெளிவுறும்.

மேட்டைக் கண்டவுடன் மகிழ்வது மனித இயல்பு. அம்மகிழ்ச்சியைச் சற்றே ஒத்திவைத்து, ‘இது தானாகவும் எழுந்திருக்குமோ?’ என்று தன்னையே வினவிக்கொள்வது கல்வியின் பயன். அப்பயனை நம் மாணவருக்கு வழங்குவோமாக.