குந்தாவிலிருந்து பரங்கிமலைக்கு: கல்லூரிப் படிப்பும் ராணுவ அதிகாரிப் பதவியும்

நீலகிரியில் ராணுவத்துக்குப் பஞ்சமில்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அது சிப்பாய்களை உருவாக்குகிறது. பிரிவினையில் குவெட்டாவில் இருந்த ராணுவ அதிகாரிகள் கல்லூரி பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியாவுக்கென்று 1947இல் வெலிங்டனில் அமைந்த முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி, ஏற்கெனவே அதிகாரியாக இருப்பவர்களுக்கு மேற்பயிற்சி தருகிறது. குந்தா வட்டாரத்தின் மஞ்சூரிலோ கீழ்குந்தாவிலோ தேயிலை பறித்துப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளை அதிகாரியாக விரும்பினால், இந்த இரண்டு வாசலும் அதற்கானவை அல்ல. பஸ் ஏறி ஊட்டிக்குப் போய், ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா வளாகத்தில் 1955இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து, தேசிய மாணவர் படை (என்.சி.சி.) உடுப்பை மாட்டிக்கொள்வது அவருக்குப் பக்கத்தில் இருக்கும் வழி. இந்த வழி உருவாக அரை நூற்றாண்டு பிடித்தது.

கல்லூரி மாணவரை அதிகாரியாக்கும் யோசனை இந்தியாவில் பிறந்ததல்ல. பிரிட்டனில் 1908இல் போர்த்துறை அமைச்சர் ஹால்டேன் பல்கலைக்கழகங்களில் அதிகாரிப் பயிற்சிப் படையை ஏற்படுத்தினார். அமெரிக்கா 1916இல் அதற்கெனச் சட்டமே இயற்றியது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1917இல், இங்கும் பல்கலைக்கழகப் படை வந்தது. கல்கத்தாவில் அதில் சேர்ந்து முகாமில் துப்பாக்கி பிடித்தவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். அதற்கு முன் கண்பார்வை காரணமாக ராணுவம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது வரலாற்றின் குறும்பு.

1920ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் படையைப் பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாக மாற்றியது. மாணவர்களுக்குப் பரேடு கிடைத்தது, சீருடை கிடைத்தது. அதிகாரிப் பதவி மட்டும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. அதிகாரிகளை உருவாக்கும் டேராடூன் ராணுவ அகாடமி திறக்கப்பட்டதே 1932இல்தான். படித்த இந்தியர் கையில் துப்பாக்கி கொடுக்க ஆட்சியாளர்களுக்கு இருந்த தயக்கத்தை இந்த இடைவெளியில் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் நெருக்கியபோது, 1942இல், படையின் பெயரில் ‘அதிகாரிகள்’ என்ற சொல்லும் சேர்ந்தது.

விடுதலைக்குச் சற்று முன், 1946இல், மாணவர் படை பற்றி ஆராய ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கையின் பேரில் 1948 ஏப்ரலில் தேசிய மாணவர் படைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே மாணவியர் பிரிவும் தொடங்கியது.

பெரிய திருப்பம் சீனப் போர். 1962இல் அதிகாரிகளின் பற்றாக்குறை வெட்டவெளிச்சமானது. அரசு இரண்டு காரியம் செய்தது. 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ஜனவரியில், அவசரகால அதிகாரிகளைச் சீக்கிரம் தயாரிக்க, சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியைத் திறந்தது. முதல் காரியம் ஐந்தே ஆண்டில் தளர்ந்தது, 1968இல் என்.சி.சி. மீண்டும் விருப்பப் பயிற்சியானது. வருகைப் பதிவுக்காக வெயிலில் நின்றவர்களையெல்லாம் அதிகாரிக்கான விதை என்று எண்ணியது சரியான கணக்கல்ல. இரண்டாவது காரியம் நிலைத்தது. அவசர நிலை தீர்ந்த பிறகு பரங்கிமலைப் பள்ளி குறுகிய காலப் பணி அதிகாரிகளை உருவாக்கும் இடமாகி, 1988இல் அகாடமி ஆனது. காஞ்சிபுரம் ஏனாத்தூரில் பி.காம். படித்து, இந்த அகாடமி வழியே 2006இல் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர்தான் 2014இல் காஷ்மீரில் உயிர்நீத்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன்.

கல்லூரிப் பரேடுக்கும் பரங்கிமலைக்கும் நடுவில் இருக்கும் பாலம் என்.சி.சி.யின் ‘சி’ சான்றிதழ். பொதுவாகப் பட்டதாரிகள் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வைத் தாண்ட வேண்டும். பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும், ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும் உள்ளவர்கள் என்.சி.சி. சிறப்பு நுழைவில் அந்தத் தேர்வு இல்லாமலே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் தேர்வானால் நேராக எஸ்.எஸ்.பி. எனும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்முகம்.

அந்தச் சான்றிதழுக்கான உழைப்பு மலையில் ஒரு தனி ரகம். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று கட்டளை இந்தியில் வரும். வீட்டில் படுகு பேசி, வகுப்பில் தமிழ் கேட்டு வந்த மாணவரின் கால் அதற்குப் பழக வேண்டும். வரைபடப் பாடத்தில் சமவெளி மாணவர்கள் சமஉயரக் கோடுகளை மனப்பாடம் செய்வார்கள். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து என்பதைக் குந்தா மாணவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தினமும் ஏறி இறங்கும் தேயிலைச் சரிவு அதுதான். சீருடையில் முன்னால் நிற்பவர் பெரும்பாலும் அதே கல்லூரியின் விரிவுரையாளர்; நாக்பூர் அருகே காம்ப்டியில் பயிற்சி முடித்து என்.சி.சி. அதிகாரியானவர்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாளிலேயே படம் காட்டிக் கதை எழுதச் சொல்லிப் பாதிக்கு மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். மிஞ்சியவர்கள் பலகையும் கயிறும் பீப்பாயும் கொண்டு தடை தாண்ட வேண்டும். யார் கத்தினார் என்பதைவிட, யார் சொன்னதைக் குழு கேட்டது என்பதையே அங்கு பார்க்கிறார்கள். இதில் தேறி, மருத்துவப் பரிசோதனையும் தாண்டினால், பரங்கிமலையில் 49 வாரம்.

வாசல் குறுகலானது. என்.சி.சி.யில் இருக்கும் மாணவ மாணவியர் பல லட்சம். சிறப்பு நுழைவுக்கான அறிவிக்கைகள் பலவற்றில் இடங்கள் ஆண்களுக்கு 50, பெண்களுக்கு 5. மாணவியர் பிரிவு 1949இலேயே வந்தும், பெண்கள் பரங்கிமலைக்குள் நுழைய 1992 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களின் நிரந்தரப் பணி உரிமையை உச்ச நீதிமன்றம் 2020இல்தான் உறுதி செய்தது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யைக் கிரெடிட் தரும் விருப்பப் பாடமாக்க வழிசெய்தது. பரேடுக்குப் போனால் வகுப்பு போகும், வகுப்புக்குப் போனால் பரேடு போகும் என்று தவித்த மாணவர்களுக்கு அது ஓரளவு மூச்சுவிட இடம் தருகிறது.