அபினிக்கு ஒரு கணக்கு

பசுவந்தனையில் வயதான பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒன்று சொல்வார்கள். பருத்தி எடுக்கப் போகிற நாளில் கைப்பிள்ளை அழாமல் தூங்க, கடுகளவு அபினியைப் பாலில் குழைத்து நாக்கில் தடவும் வழக்கம் அவர்களுடைய பாட்டிமார் காலத்தில் இருந்ததாம். அன்று அது குற்றமில்லை. அரசாங்கமே விற்ற சரக்கு அது.

கங்கைக் கரைக் குடியானவனுக்கு முன்பணம் கொடுத்துப் பயிரிட வைத்து, காஜிப்பூரில் உருண்டை பிடித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள் வெள்ளைக்காரர்கள். பிரெஞ்சுக்காரரும் யோக்கியர் இல்லை. புதுச்சேரிப் பள்ளியில் எங்களுக்கு வோல்த்தேர் வரை சொல்லிக் கொடுத்தார்கள். 1815 ஒப்பந்தத்தைச் சொல்லவில்லை. அதன்படி ஆண்டுக்கு 300 பெட்டி அபின் வரை ஏலத்தின் சராசரி விலைக்குப் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது. பிற்பாடு சைகோனில் பிரெஞ்சு அரசே அபின் காய்ச்சி விற்றது. அங்கே உத்தியோகம் பார்த்துத் திரும்பிய என் சின்னத் தாத்தா, "நான் வாங்கின சம்பளத்துல அபின் காசும் இருந்துச்சுடா" என்பார்.

இங்கிலாந்தில் எதிர்ப்புக் கிளம்பவே, 1893ல் பிராஸி பிரபு தலைமையில் ராயல் கமிஷன் போட்டார்கள். 700க்கும் மேற்பட்டவர்களை விசாரித்து, பெரிய கேடு ஒன்றுமில்லை என்று 1895ல் அறிக்கை கொடுத்தது. டாக்டர் எட்டாத ஊரில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் அதுதான் மருந்து என்றார்கள். அதில் உண்மை உண்டு. வருமானத்தையும் அவர்கள் மறக்கவில்லை. கமிஷனில் இருந்த ஹென்றி வில்சன் தனியாக மறுப்பு எழுதி வைத்தார்.

ஜெனீவா மாநாட்டுக்குப் பிறகுதான், 1926ல், கீழ்த்திசை நாடுகளுக்கான ஏற்றுமதியை ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து 1935 முடிவில் நிறுத்துவதாக முடிவானது. சுதந்திர இந்தியா உள்நாட்டுக்கும் இதே கணக்கைப் போட்டது. 1949ல் கூடிய அகில இந்திய அபின் மாநாடு, மருந்து தவிர்த்த உபயோகம் பத்தாண்டுக்குள், 1959 மார்ச் 31க்குள் ஒழிய வேண்டும் என்றது. பழகியவனைப் பதிவு செய்து, அளவு குறித்துக் கொடுத்து, மெல்ல மெல்ல இறக்கினார்கள். குமாஸ்தாவாக இருந்தவன் என்பதாலோ என்னவோ, இந்தப் பதிவேட்டு முறையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரே நாளில் கதவைச் சாத்தியிருந்தால் பாதிப் பேர் கள்ளச் சந்தைக்குத்தான் போயிருப்பார்கள்.

1985 நவம்பரில் அமலான போதைப்பொருள் சட்டம் வேறு ரகம். பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு சிறை. கடத்தல்காரன் பயந்தானோ இல்லையோ, ஆஸ்பத்திரிகள் பயந்துவிட்டன. மார்பின் வைத்திருக்க உரிமத்துக்கு மேல் உரிமம் வேண்டியிருந்தது. 2014ல் சட்டத்தைத் திருத்தி ஒரே உரிமம் போதும் என்றாக்கினார்கள்.

அந்தத் திருத்தத்துக்குச் சில வருஷம் முன்னால் என் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாய்ப் புற்றுநோயில் கிடந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த மார்பின் மாத்திரைச் சீட்டோடு அவர் மகனும் நானும் கோவில்பட்டியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். "இதெல்லாம் வச்சா வம்பு சார்" என்றார். சாயங்கால பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பினோம். தெருமுனையில் இறங்கும்போதே அண்ணாச்சியின் முனகல் கேட்டது.