செவியருகே ஒரு கண்

சுன்னாகச் சந்தையைச் சூழ்ந்த ஊர்களிலே, பிள்ளைகளுள் ஒருவரையேனும் கடல் கடந்து அனுப்பாத வீடுகள் அரியன. 1990 ஆம் ஆண்டிலே சுன்னாகத்தினூடாகச் சென்ற புகையிரதம் நின்றது. மீண்டும் அது அவ்வழியே ஓடியது 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். இடைப்பட்ட போர்க்காலத்திற் பிரிந்தோரை இணைத்தது பெரும்பாலும் கடிதமே. 2002 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னரே கைத்தொலைபேசி குடாநாட்டிற் பரவலாயிற்று. ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பேசும் பிள்ளையின் குரலை வீட்டு விறாந்தையில் இருந்தபடியே கேட்கும் பேறு பெற்றோர்க்கு அதன் பின்னரே வாய்த்தது.

அக்குரல் நடுவே அறுந்துபோனால் முதியவர்கள் முதலிலே தம்மையே நொந்துகொள்வர். “என்ரை கைதான் பட்டிட்டுது பிள்ளை” என்பர். பல வேளைகளிற் பட்டது கையன்று, கன்னம். கன்னம் பட்டதும் அவர் பிழையன்று. கன்னத்தைக் கண்டு திரையை அணைக்கவேண்டிய சிறு கண் ஒன்று தன் கடமையைச் செய்யாமையே காரணம். அக்கண்ணின் வரலாற்றை அறிந்தோர் அதன் குறையையும் எளிதில் அறிவர்.

பழைய தொலைபேசியில் இத்தொல்லைக்கு இடமில்லை. பேச்சை முடிக்கவேண்டின் செவிக்குழலை அதன் தாங்கியில் வைத்தல் வேண்டும். பொத்தான்கள் கொண்ட கைத்தொலைபேசியிலும் மெல்லிய கன்னத்தால் ஒரு பொத்தான் அழுந்துவது அரிது. முகப்பு முழுவதும் கண்ணாடித் திரையான பின்னர் நிலைமை மாறிற்று. அத்திரை அழுத்தத்தை அறிவதன்று. தன்னைத் தீண்டும் உடலின் மின்னியல்பை அறிவது. விரலும் உடல், கன்னமும் உடல். ஆதலால், முகம் அணுகும்போது திரையை உறங்கச் செய்யும் காவல் ஒன்று வேண்டியதாயிற்று. 2007 ஆம் ஆண்டு யூன் மாதம் விற்பனைக்கு வந்த ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன், செவித்துளையின் அருகே அத்தகைய காவலைக் கொண்டிருந்தது. அதுவே அண்மை உணரி.

இவ்வுணரியின் வேர் இரு நூற்றாண்டுகளுக்கு அப்பாற் செல்கின்றது. 1800 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல், ஞாயிற்றொளியை அரியத்தினூடு செலுத்தி, பிரிந்த நிறங்களிலே வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தோன்றாத இடத்திலும் வெப்பமானி உயர்ந்தது. இன்று செந்நிறக்கீழ்க் கதிர் என வழங்குவது அதுவே.

ஒளியை மின்னால் அறியும் வழி ஒரு பழுதைத் தேடுகையிற் கிடைத்தது. கடலடித் தந்திவடங்களைச் சோதிப்பதற்கு வில்லோபி சிமித் என்னும் பொறியியலாளர் செலெனியக் கோல்களைப் பெருந்தடையாகப் பயன்படுத்தினார். அளவீடுகள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தன. கோல்களைப் பழுதென்று எறிந்துவிடாமல் காரணத்தை ஆராய்ந்தனர். கோல் இருந்த பெட்டியை மூடியபோது தடை மிகுந்தது. திறந்து ஒளி பட்டபோது தடை குறைந்தது. இச்செய்தி 1873 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கோலிற் குறையில்லை, அதன் மேல் விழுந்த ஒளியே காரணம்.

கல்கத்தாப் பிரெசிடென்சிக் கல்லூரி ஆசிரியராகிய ஜகதீச சந்திர போஸ், கலேனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்டு, வானொலி அலையையும் ஒளியையும் ஒருங்கே அறியவல்ல கருவியை அமைத்தார். அதற்கு 1904 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஆக்கவுரிமை கிடைத்தது. 1961 ஆம் ஆண்டில் அந்நாட்டு ரெக்சஸ் இன்ஸ்ரூமென்ற்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பயாட், பிற்மன் என்னும் இருவர், கலியம் ஆசனைட்டாலான இருவாயி மின்னோட்டத்தின்போது செந்நிறக்கீழ்க் கதிரைக் காலுதலைக் கண்டனர். காணும் பொருளும் காலும் பொருளும் இவ்வாறு கைக்கு வந்தன. இவ்விரண்டையும் அருகருகே அமைத்ததே கைத்தொலைபேசியின் அண்மை உணரி. ஒன்று புலனாகாக் கதிரை வெளியே அனுப்பும். மற்றது கன்னத்திற் பட்டுத் திரும்பும் கதிரை எண்ணும். திரும்புவது மிகுந்தால் திரை அணையும், குறைந்தால் ஒளிரும். அண்மைக் காலத்துச் சில கைத்தொலைபேசிகள் கதிருக்குப் பதிலாகச் செவிக்கெட்டாத கழியொலியைப் பயன்படுத்துவதும் உண்டு.

இவ்வுணரி பிழைத்த புகழ்பெற்ற நிகழ்ச்சி 2010 ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு யூனில் வெளிவந்த ஐபோன் 4 என்னும் கருவியிற் பேசியோர் பலர், கன்னம் பட்டு அழைப்பு அறுகின்றது என்று முறையிட்டனர். யூலை 16 ஆம் நாள் நிகழ்ந்த செய்தியாளர் கூட்டத்திலே, ஸ்டீவ் ஜொப்ஸ் இக்குறையை ஒப்புக்கொண்டார். செப்டெம்பர் மாதம் வெளியான மென்பொருட் புதுக்கலிலே அதற்குத் திருத்தமும் வந்தது. எவருடைய கருவியையும் பிரிக்கவேண்டியிருக்கவில்லை. எவ்வளவு கதிர் திரும்பினால் முகம் எனக் கொள்வது என்னும் தீர்ப்பு மென்பொருளுக்குரியது. அத்தீர்ப்பைத் திருத்துவதற்குத் திருகாணி வேண்டியதில்லை.

இவ்வரலாறு சுன்னாகத்து வீட்டிற்கும் வழிகாட்டும். முதலிற் குறையின் வகையை அறிதல் வேண்டும். செவியில் வைத்தும் திரை அணையாதிருப்பின், அனுப்பிய கதிர் திரும்பி எண்ணப்படவில்லை. செவியிலிருந்து எடுத்தும் திரை இருண்டேயிருப்பின், ஏதோவொன்று கதிரை இடைவழியிலேயே திருப்பிவிடுகின்றது. தலையெண்ணெயும் வியர்வையும் செம்மண் தூசியும் செவித்துளையருகே படிதல் இயல்பு. ஆதலால் மெல்லிய உலர்ந்த துணியால் அவ்விடத்தைத் துடைத்தல் வேண்டும். அடுத்து உறையையும் திரைமேல் ஒட்டிய காப்புக் கண்ணாடியையும் அகற்றிப் பார்த்தல் வேண்டும். பின்னர் கருவியை அணைத்து மீண்டும் இயக்கி, மென்பொருளைப் புதுக்குதல் நன்று. ஒவ்வொரு படியின் பின்னும் ஓர் அழைப்பை எடுத்து, செவித்துளையின் பக்கத்தை உள்ளங்கையால் மூடித் திறந்தாற் பயன் தெரியும். அழைப்பின்போது வேறொரு கைத்தொலைபேசியின் நிழற்படக் கருவியால் அவ்விடத்தை நோக்கினால், சிலவற்றில் ஊதா நிறப் புள்ளி தோன்றும். கதிர் புறப்படுகின்றது என்பதற்கு அதுவே சான்று. தோன்றாதிருப்பதை மட்டும் கொண்டு பழுதென முடிவு செய்தலாகாது. சில நிழற்படக் கருவிகள் அக்கதிரை உள்ளே விடுவதில்லை.

இவையெல்லாம் பயனளிக்காவிடத்தே திருத்துநரை நாடலாம். அண்மையில் திரை மாற்றியதுண்டாயின் அதனை அவரிடம் கூறுதல் வேண்டும். புதுத்திரை சற்றுப் பிசகிப் பொருந்தினாலும் உணரியின் பார்வை மறையும். அதுவரை ஒலிபெருக்கியையோ செவிப்பொறியையோ பயன்படுத்திப் பேசலாம்.

திரை முழுவதையும் மாற்றவேண்டும் என்று கேட்டவுடன் பணத்தைக் கொடுத்துவிடுவோரும், முதுமையிற் கை தடுமாறுகின்றது என்று பேசுவதையே குறைத்துக்கொள்வோரும் உளர். பின்னையது பெரிய இழப்பு. பல ஆண்டுகள் கடிதத்திற்குக் காத்திருந்த மக்களுக்கு, ஒரு விரலகலக் கண்ணாடியிற் படிந்த எண்ணெய் பிள்ளையின் குரலை மறைத்தல் தகாது. குறை எங்கே என்று அமைதியாகத் தேடினால், பெரும்பாலும் அது துடைத்த துணியிலேயே வந்துவிடும்.