செடிக்கும் அம்மை குத்தலாம்

வைரஸ்னு சொன்னாலே பொட்டி தட்டுற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஆண்டிவைரஸ் ஞாபகம் வரும், மத்தவங்களுக்கு கொரோனா. லத்தீனில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே விஷம்தான். 1898-ல் நெதர்லாந்தின் பெயரிங்க், புகையிலை இலையில் தேமல் உண்டாக்கும் கிருமி பாக்டீரியா இல்லை என்று காட்டி, அதை வைரஸ் என்றார். அப்போதிலிருந்து விவசாயப் பாடம் ஒன்றுதான்: வைரஸ் வந்த செடியைப் பிடுங்கி எரி.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கு மக்களே. 1929-ல் மெக்கின்னி என்ற அமெரிக்கர், வெளிர்பச்சைத் தேமல் வந்த புகையிலைச் செடிக்கு, அதே வைரஸின் மஞ்சள் தேமல் ரகத்தையும் ஏற்றிப் பார்த்தார். மஞ்சள் தலைகாட்டவே இல்லை. முதலில் வந்தவன் சீட்டு போட்டுவிட்டான்!

நம்ம ஊரில் இது புது யோசனை இல்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து கிண்டியில் இறங்குகிறவர்களுக்கு கிங் இன்ஸ்டிடியூட் தெரிந்திருக்கும். 1899-ல் அதை ஆரம்பித்ததே பெரியம்மைக்கு மருந்து தயாரிக்கத்தான். பாட்டிமார் பாஷையில் 'அம்மை குத்துறது'. ஆனா செடிக்கு ரத்தம் ஏது, ஆண்டிபாடி ஏது? ஒரு காரணம் இது: நுழைந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் செடியின் செல் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டையே மாதிரியாக வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் எதையும் வெட்டுகிறது. சிக்னேச்சர் பார்த்துப் பிடிக்கிற நம்ம ஆண்டிவைரஸேதான் :-)

இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது எலுமிச்சைக் குடும்பம். அதைத் தாக்கும் டிரிஸ்டெசா வைரஸை அசுவினிப் பூச்சி பரப்புகிறது. பெயருக்கு அர்த்தம் 'சோகம்'. வந்த மரத்தைக் குணமாக்க மருந்து கிடையாது, வருஷக்கணக்கில் வளர்த்தவன் கண்ணெதிரே மரம் சாகும். பிரேசிலில் கோஸ்டா, முல்லர் இருவரும் வீரியம் குறைந்த ரகத்தை ஏற்றிய ஆரஞ்சுக் கன்றுகளைக் கொடுத்து, 1980-க்குள் பல லட்சம் மரங்கள் வளர்ந்துவிட்டன. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பாலராமனும் ராமகிருஷ்ணனும் 1970-களில் இதையே நம்ம எலுமிச்சையில் ஆராய்ந்தார்கள். கோடையில் தாம்பரம் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் விலை கேட்டவர்களுக்கு இந்த ஆராய்ச்சியின் அருமை புரியும்.

வில்லங்கமும் உண்டு. எலுமிச்சைக்குச் சாதுவான ரகம் பக்கத்து ஆரஞ்சுக்கு எமனாகலாம். சாது நாளைக்கே மாறிவிடலாம். அதனால் கண்ணை மூடிக்கொண்டு குத்த முடியாது.

இதுவரை சொன்னது வைரஸுக்கு எதிராக வைரஸ். அடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம். 2008-ல் மெர்லின் ரூசிங்க் குழு, வைரஸ் தொற்றிய நெல், பீட்ரூட், புகையிலை போன்ற செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தது. ஆரோக்கியமான செடிகள் முதலில் வாடின, நோயாளிகள் பின்னால்தான் வாடின! நோயாளி இலைகளில் வறட்சியைத் தாங்க உதவும் சில சர்க்கரைகள் கூடியிருந்தன. மழை பொய்க்காத வருஷத்தில் அதே வைரஸ் வெறும் நஷ்டம்தான், அதையும் மறக்கக் கூடாது.

அதற்கு முந்தைய வருஷம் அதே குழு சொன்னது இன்னும் விசித்திரம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் வெந்நீர் ஊற்றுகள் பக்கத்துச் சுடுமண்ணில் ஒரு புல் வளர்கிறது. புல்லுக்குள் ஒரு பூஞ்சை, பூஞ்சைக்குள் ஒரு வைரஸ். சோதனையில் இந்த மூவர் கூட்டணி 65 டிகிரி மண்சூட்டைத் தாங்கியது. வைரஸை மட்டும் நீக்கியதும் புல் கருகியது. திரும்ப ஏற்றியதும் மறுபடி தாங்கியது.