அனுபவமுள்ள முன்பள்ளி ஆசிரியைக்கு அடுத்தது என்ன? கொழும்பின் மொண்டிசோரி மரபை முன்வைத்து

இலங்கையில் முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கும் பயிற்சி பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுகிறது. முதலில் சான்றிதழ், பிறகு டிப்ளோமா. அதன்பின் இருபது ஆண்டு வகுப்பில் நின்றாலும், அந்த அனுபவத்தைப் பொருட்படுத்தும் கற்கைநெறி அரிது. செயலமர்வுக்குப் போனால், போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் அமர்ந்து பழைய பாடத்தையே கேட்கிறார். அவருக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் பாடமன்று; தன் வகுப்பைத் தானே ஆராயும் அவகாசமும், கண்டதை வைத்து வாதாடச் சக ஆசிரியைகளும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இது புதுக் கோரிக்கையன்று. 1907இல் ரோமில் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மொண்டிசோரி, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, இரண்டாம் உலகப் போர் காரணமாக இந்தியாவிலேயே தங்கிவிட்டார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். அவருடைய பயிற்சிக்கு நடுநாயகம் கருவிகள் அல்ல, அவதானிப்பு. பிள்ளை என்ன செய்கிறது, எங்கே தயங்குகிறது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று குறுக்கிடாமல் பார்த்து எழுதுவது. இந்தப் பழக்கம் சில மாத வகுப்பில் முற்றுப்பெறக் கூடியதன்று.

இன்று கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மொண்டிசோரி என்ற பெயர்ப்பலகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலகைக்குப் பின்னால் நடப்பது பல இடங்களில் எழுத்துப் பயிற்சிக் கொப்பிதான். பத்துச் சதுரமுகிகளாலான இளஞ்சிவப்புக் கோபுரம் என்ற மொண்டிசோரிக் கருவி அலுமாரியில் அழகுக்கு இருக்கும். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து வயதில் முதலாம் தரம், பிறகு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் என்று நீளும் போட்டியின் நிழல் மூன்று வயதுப் பிள்ளை மேலும் விழுகிறது. “எழுத எப்ப தொடங்குவீங்க ரீச்சர்?” என்ற கேள்விக்குப் புது ஆசிரியை பணிந்து போகிறார். குவளையிலிருந்து குவளைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றும் பிள்ளை கவனத்தையும் கையையும் பழக்கிக்கொண்டிருக்கிறது என்பது அனுபவமுள்ளவருக்குத் தெரியும். தெரிந்தும், பெற்றோர் முன் எடுத்துவைக்கத் தேதியிட்ட ஒரு குறிப்பும் அவர் கையில் இல்லை. அவரது அறிவு கையோடும் கண்ணோடும் நின்றுவிடுகிறது.

முன்பள்ளிக் கல்வி அறிஞர் லிலியன் காட்ஸ் 1972இலேயே முன்பள்ளி ஆசிரியரின் வளர்ச்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தாக்குப்பிடித்தல், நிலைப்படுதல், புதுப்பித்தல், முதிர்ச்சி. முதற் கட்டத்தவருக்கு வகுப்பறையிலேயே துணை நிற்பவர் வேண்டும். மூன்றாம் கட்டத்தவருக்குப் பிற பள்ளிகளைப் பார்ப்பதும் சகதொழிலாளரைச் சந்திப்பதும் உதவும். நான்காம் கட்டத்தவர் கேட்பது ஆழமான வாசிப்பும் கருத்தரங்கும். நமது ஏற்பாடுகள் எல்லோரையும் முதற் கட்டத்தவராகவே நடத்துகின்றன.

காரணம் நிருவாக அமைப்பிலும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு முன்பள்ளி மேற்பார்வை மாகாணங்களுக்குப் போனது. பெரும்பாலான முன்பள்ளிகளை நடத்துவோர் தனியாரும் மத, தொண்டு அமைப்புகளும். இலங்கை ஆசிரியர் சேவைக்குள் இவ்வாசிரியைகள் இல்லை; ஆகவே பதவியுயர்வு ஏணியும் இல்லை. மேலே படித்தாலும் சம்பளம் நகராத தொழிலில் படிப்பார்வம் தானாக எழவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

அனுபவத்தைக் கண்ணை மூடிப் போற்றவும் முடியாது. கருவியை எடுத்துக்காட்டும் ஒழுங்கு ஆண்டுக்கணக்கில் சடங்காக இறுகிவிடுவதுண்டு. பிள்ளை வேறு வழியில் கையாண்டால் திருத்தத் தோன்றும். அதனால்தான் வெளியாரின் கண் அவசியம். இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் முதல் நகரசபை முன்பள்ளி 1963இல் தொடங்கியது. அங்கு பிள்ளைகளின் பேச்சையும் வரைதலையும் பதிவுசெய்து கூடி ஆராய்வது ஆசிரியர்களின் சம்பள நேரத்துக்குள்ளேயே அடங்கும். இங்கே பதிவேடு என்றால் வீட்டுக்குக் கொண்டுபோகும் மேலதிகச் சுமை.

இதைத் தொடங்கத் தகுந்த இடம் நுகேகொடை, நாவலயில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் உருவான அந்நிறுவனம் வேலையை விடாமல் படிப்பவருக்கென்றே அமைந்தது. முன்பிள்ளைப் பருவ, ஆரம்பக் கல்விக்குத் தனித் துறையும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்படப் பிராந்திய நிலையங்களும் அதற்குண்டு. பத்தாண்டு வகுப்பறை அனுபவத்தையே நுழைவுத் தகுதியாகக் கொண்ட கற்கைநெறி ஒன்றை அது தமிழில் தொடங்கலாம். ஓராண்டு முழுவதும் ஒரு பிள்ளையை அவதானித்த குறிப்பும், மாதமொருமுறை நான்கைந்து ஆசிரியைகள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துப் பேசும் அமர்வும் போதும்; எழுத்துப் பரீட்சை வேண்டாம். நகரத்து மொண்டிசோரி டிப்ளோமாக்கள் பல ஆங்கிலத்தில் நடப்பதால், பிள்ளையோடு தமிழில் பேசும் ஆசிரியை அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதத் தடுமாறுகிறார். அந்தத் தடையும் நீங்கும்.

பல்கலைக்கழகம் கற்கைநெறியைத் தரட்டும். முன்பள்ளி நடத்துவோர் தம் பங்குக்கு அந்த மாதாந்த அமர்வைச் சம்பளத்துடன் கூடிய வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும்.