பொதுப்பணமும் ஒரு தனியார் பள்ளியும்: பிரின்ஸ் எட்வர்ட் அகாடமியின் வரலாறு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புகையிலை விளையும் கிராமங்கள் சூழ்ந்த சிற்றூர் ஃபார்ம்வில். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் தலைமையிடமான இவ்வூரில், 1959 செப்டம்பரில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமான பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி திறக்கப்பட்டது. பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும் தீர்ப்புகளை எதிர்த்துத் தென் மாநிலங்களில் பின்னர் பெருகிய தனியார் பள்ளிகளுக்கு இது முன்மாதிரியானது. அரசுப் பணம் எப்போது இப்பள்ளியின் பக்கம் வந்தது, எப்போது நின்றது என்று பார்த்தால்தான் அதன் வளர்ச்சி விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேர் 1951இல் இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. படித்தவர்களோ 450 பேருக்கும் மேல். புதுக் கட்டடம் கேட்டபோதெல்லாம் பணமில்லை என்ற கவுண்டி நிர்வாகம், தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக்கொடுத்தது. அந்த ஏப்ரல் 23 அன்று, 16 வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினர். அவர்களுக்காக ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகிய வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கு, பொதுப்பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று தீர்ப்பான புகழ்பெற்ற பிரவுன் வழக்கின் ஐந்து வழக்குகளில் ஒன்றாயிற்று. அவற்றுள் மாணவர் போராட்டத்தில் பிறந்தது இது ஒன்றே. இச்சிறு கவுண்டியில் எதிர்ப்பு அவ்வளவு கடுமையாக எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

வெள்ளையர் தரப்பு முன்கூட்டியே தயாரானது. தனியார் பள்ளி நடத்துவதற்கான அறக்கட்டளையை 1955இலேயே பதிவுசெய்துவிட்டனர். செனட்டர் ஹாரி பேர்ட் முன்னின்று நடத்திய மாநில அளவிலான எதிர்ப்பு 1959 ஜனவரியில் நீதிமன்றங்களில் தோற்றது. செப்டம்பருக்குள் இன வேறுபாடின்றி மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று அவ்வாண்டே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்கவுண்டிக்கு உத்தரவிட்டது. ஜூனில் கவுண்டியை நிர்வகித்த மேற்பார்வையாளர் குழு பள்ளிகளுக்கான நிதியை ஒதுக்க மறுத்தது. கவுண்டியின் பொதுப்பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன.

அகாடமியின் முதலாண்டு நன்கொடையில் ஓடியது; தேவாலய அறைகளிலும் கிடைத்த பிற இடங்களிலும் வகுப்புகள் நடந்தன. அடுத்த ஆண்டுதான் திருப்பம். மாநில அரசு மாணவர் ஒருவருக்கு 125 அல்லது 150 டாலர் கல்வி மானியம் அளித்தது. கவுண்டி 100 டாலர் சேர்த்தது. ஆக, தொடக்க வகுப்புக்கு 225, உயர்நிலை வகுப்புக்கு 250 டாலர். பள்ளிக்கு நன்கொடை தந்தோருக்குச் சொத்துவரியில் 25 சதவீதம் வரை கழிவும் உண்டு. 1960–61இல் பள்ளியின் முதன்மை வருவாயே இம்மானியங்கள்தாம். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி அமைக்கலாம் என்ற யோசனை வந்தது. அவர்களின் பெற்றோர் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் பொதுப்பள்ளிக்கான வழக்கே வலுவிழந்திருக்கும். பிள்ளைகளின் படிப்பு வீணாவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே எடுத்த அந்த முடிவின் கனம் சாதாரணமானதன்று.

ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகள் பள்ளியை இழந்தனர். சிலரை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினர். சிலருக்குக் குவேக்கர் அமைப்பு வேறு மாநிலங்களில் இடம் தேடித்தந்தது. போதகர் ஃபிரான்சிஸ் கிரிஃபின் போன்றோரின் முயற்சியில் தேவாலயங்களில் பயிற்சி மையங்கள் நடந்தன. வயல் வேலைக்குப் போய், திரும்பவும் பள்ளிக்கு வராமலே போனவர்களும் உண்டு. ஏழை வெள்ளையர் பிள்ளைகள் சிலரும் படிப்பை இழந்தனர். நன்கொடையில் இயங்கிய இலவசப் பள்ளிகள் 1963இல்தான் வந்தன.

பள்ளிகள் மூடியிருக்கும்வரை கவுண்டி மானியம் தரக்கூடாது என்று 1961இல் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. 1964 மே 25 அன்று, இப்பள்ளி மூடலை எதிர்த்த கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளைத் திறக்கத் தேவையானால் வரி விதிக்கும்படியும் கவுண்டிக்கு ஆணையிடலாம் என்றது. அவ்விலையுதிர் காலத்தில் பொதுப்பள்ளிகள் திறந்தன. வெள்ளையர் பிள்ளைகள் மிகச் சிலரே வந்தனர்.

அடுத்த அடி வரித்துறையிலிருந்து விழுந்தது. இனப் பாகுபாட்டைக் காரணம் காட்டி 1978இல் அகாடமியின் வரிவிலக்கு நீக்கப்பட்டது. எதிர்த்துத் தொடுத்த வழக்கிலும் பள்ளி தோற்றது. 1980களின் நடுவில் கறுப்பின மாணவர்களுக்குச் சேர்க்கை திறந்தது. முந்தைய நீதிமன்ற உத்தரவுகள் கால் நூற்றாண்டாகச் சாதிக்காததை வரிவிலக்கு இழப்பால் வந்த நிதி நெருக்கடி சாதித்தது என்றே ஆவணங்களின் கால வரிசை காட்டுகிறது. 1990களின் தொடக்கத்தில், அக்கவுண்டியில் வளர்ந்த தொழிலதிபர் ஜே. பி. ஃபியூக்குவா 1 கோடி டாலர் தந்து பள்ளியை மீட்டார். அது ஃபியூக்குவா பள்ளி என்று பெயர் மாறியது.

1959இல் படிப்பை இழந்தவர்களுக்கான கல்வி உதவித்தொகைத் திட்டத்தை வர்ஜீனியா 2004இல் கொண்டுவந்தது. பள்ளி மூடியபோது முதல் வகுப்பில் சேர வேண்டியிருந்தவர்களுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.